வெள்ளை வீழ்படிவு

"மாங்கனீசு சல்பேட் இரண்டு மில்லி,
கார அயோடைடு இரண்டு மில்லி,
மூடித் தலைகீழாய்ப் பதினைந்து முறை திருப்புக.
பழுப்பு நிற வீழ்படிவு உண்டாகும்."

உண்டாகும் என்றுதான் இருந்தது.
உண்டாகாவிட்டால் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.
செமஸ்டரில் நான்கு மதிப்பெண்ணுக்கு
நானும் உண்டாகும் என்றே எழுதியிருக்கிறேன்.

ஆனி மாதம். கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில்
ஈக்கள்கூட மாம்பழத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை.
டவுன் பஸ்ஸில் கிழித்துக் கொடுத்த
பெண்களுக்கான பூஜ்ய ரூபாய்ச் சீட்டைக்
களக்குறிப்பேட்டில் அடையாளம் வைத்தேன்.
என் மடியில் ஐஸ் பெட்டி. முபீனா மடியில்
துப்பட்டாவில் பொதிந்த ஆறு கண்ணாடிப் புட்டிகள்.
"தயிரா?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.
"காலிதான்க்கா. ஓடை எடுக்கப் போறோம்."
அவள் அப்புறம் எங்களோடு பேசவில்லை.

கூழ் ஆலைக்குக் கீழே பாலத்தடியில்
தேன்நிறத்தில் நின்றுகொண்டிருந்தது ஓடை.
பெங்களூராத் தோலும் கொட்டையும் கரையேறிக் கிடந்தன.
வாசனை முதலில் இனித்தது.
பத்தடி இறங்கியதும்
உப்புப் போட மறந்த ஊறுகாய் ஜாடி திறந்தது.

முதல் புட்டியில் ஒரு குமிழி.
கடுகளவுதான். ஆனாலும் அது வெளிக்காற்று,
ஓடையின் கணக்கில் சேராது.
கொட்டினேன்.
இரண்டாம் முறை செருப்பைச் சேறு பிடுங்கிக்கொண்டது.
மூன்றாவதை, மூச்சைப் பிடித்துக்கொண்டு,
நீருக்கடியிலேயே மூடினேன்.

இரண்டு மில்லி. இரண்டு மில்லி. பதினைந்து முறை.

வெள்ளை.
சுண்ணாம்பு கரைத்ததுபோல் வெள்ளை.

மருந்து காலாவதி என்றாள் முபீனா.
என் கைதான் தவறியிருக்கும் என்றேன்.
இன்னொரு புட்டி. அதுவும் வெள்ளை.
"போன வருஷ ரெக்கார்டில் 4.2னு இருக்கு,
அதையே போட்டுக்கலாம்,
யார் வந்து ஓடையைக் கேக்கப் போறாங்க?"
இதைச் சொன்னது யாரென்று இப்போது நினைவில்லை.
நானாகவும் இருக்கலாம்.

பாலத்தின் மேலிருந்து ஆலை வாட்ச்மேன் கோவிந்தப்பா
"மீன் பிடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டுச் சிரித்தார்.
அந்தச் சிரிப்பு அப்போது எனக்கு விளங்கவில்லை.

நல்ல தாகம். பாட்டிலைத் திறந்து
வாய்வரை போன கை நின்றது.
குடிக்கவில்லை.
ஹாஸ்டல் குழாய்த் தண்ணீரை
அடுத்த புட்டியில் ஓரமாய் வழியவிட்டு நிரப்பினேன்.
இரண்டு. இரண்டு.
ஒரே திருப்பலில் பழுப்பு!
கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றியதுபோல்
கீழே இறங்கிக்கொண்டே இருந்தது.

மருந்து சரி. கையும் சரி.
முபீனா என்னைப் பார்த்தாள். நான் ஓடையைப் பார்த்தேன்.
மேலே ஒரு லாரி
தார்ப்பாய் மூடிய பழங்களோடு
ஆலைக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஆய்வகத்தில்
ஹாஸ்டல் தண்ணீர் அமிலம் பட்டுப் பொன்னிறமானது,
ஸ்டார்ச்சில் நீலமானது,
பியூரெட்டின் கடைசிச் சொட்டில் நிறம் துறந்தது.
அவசரத்தில் கொஞ்சம் விரலிலும் வழிந்தது.
ஓடைப் புட்டி
அமிலம் பட்டதும் வெறுமனே தெளிந்தது.
பியூரெட்டைத் திறக்க வேலையே இல்லை.

கரைந்த ஆக்ஸிஜன்: 0.0
அந்தக் கட்டத்தை நிரப்ப
ஒரு நாள் முழுக்க ஆகியிருந்தது.
குறிப்பேட்டிலிருந்து நழுவி விழுந்த பஸ் சீட்டை எடுத்து
அதே பக்கத்தில் ஒட்டினேன். ஆதாரம் வேண்டுமல்லவா,
போனதற்காவது.

ராத்திரி மெஸ்ஸில் சோறு பிசைகையில்
ஆள்காட்டி விரலோரம் ஒரு பருக்கை
மெல்ல நீலமானது.
நல்ல தண்ணீர் விட்டுப்போன அயோடின் கறை.
ஓடை என் விரலில் ஒரு நிறமும் விட்டிருக்கவில்லை.
எழுந்துபோய் மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினேன்.

திரும்பி வந்தபோது
தட்டோரம் ஆளுக்கொரு துண்டு மாம்பழம்.
முபீனா தன்னுடையதை என் தட்டுக்குத் தள்ளினாள்.
நான் இரண்டையும் அவள் தட்டுக்கு.